எறும்பு சுட்ட கற்கண்டு பிஸ்கட்டு

அந்தக் காலத்தில், பனங்காட்டில் எல்லா உயிர்களும் வாய் திறந்து பேசிய காலத்தில், எறும்புகள் மட்டும் அதிகம் பேசவில்லை. அவற்றின் வாயில் எப்போதும் சுமை இருந்தது. அந்தச் சுமை எப்படி வந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறக் கூடாது. மாற்றிச் சொன்னால் அநியாயம்கூட ஏதோ தற்செயலாக நடந்ததுபோல் தெரியும்.

முதல் அநியாயம், நிழல். தேரி என்னும் செம்மணல் மேட்டில் உச்சிவேளைக்குக் கால் வைக்க முடியாது. பனை நிழல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. ஒருநாள் மரநாய் பனையில் ஏறிப் பாளையில் வாய்வைத்துப் பதநீர் குடித்தான். இறங்கி வந்து, "ஏறத் தெரிந்தவனுக்குத்தான் மரம். மரம் எனக்கு என்றால் நிழலும் எனக்குத்தான்" என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை.

இரண்டாவது, கற்கண்டு. பாளையிலிருந்து சொட்டும் பதநீர் பாறைக் குழிகளில் தேங்கி, வெயிலில் பாகாகி, கண்ணாடிக் கட்டிபோல உறையும். செய்தது பனையும் பாறையும் வெயிலும். மரநாய் அதற்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடவில்லை. ஆனாலும், "என் மரத்துச் சொட்டு, என் கற்கண்டு" என்றான். அதற்கும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மூன்றாவது, சுமை. நிழலில் ஒதுங்கிய எறும்புகள் அதற்குப் பதிலாகக் கற்கண்டை உடைத்து மரநாயின் பொந்துக்குச் சுமக்க வேண்டும் என்று ஆயிற்று. மேற்பார்க்க ஓணான் கங்காணியாக வந்தான்.

நான்காவது, ஓலை. கற்கண்டுத் துண்டு ஒவ்வொன்றையும் பனையோலைக் கீற்றில் சுற்றிக் கட்டித்தான் எறும்பின் வாயில் கொடுத்தார்கள். நாள் முழுவதும் இனிப்பைக் கவ்விக்கொண்டு நடந்தாலும் நாக்கில் படாது.

ஐந்தாவது, பெயர். மற்ற நான்கும் இதற்காகத்தான் நடந்தன. அந்தக் காட்டில் பிறக்கும் உயிருக்கு, சபையின் கண் முன்னால், பெரியவர் ஒருவர் தம் கையால் இனிப்பைத் தொட்டு நாக்கில் வைப்பார். அதற்குச் சேனை என்று பெயர். சேனை வைத்த பிறகு சபைத்தலைவர் பெயரை மணலில் கீறி உரக்கப் படிப்பார். சேனை இல்லை என்றால் பெயர் இல்லை. பெயர் இல்லாதவர் வழக்குத் தொடுக்க முடியாது. அவர் செய்த பொருள் அவருக்குச் சேராது. இனிப்பே நாக்கில் படாத எறும்புகளுக்குப் பெயர் எங்கிருந்து வரும்? "ஏட்டி" என்று கூப்பிட்டார்கள். அவர்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பெயர் இல்லாதவர்களை அடையாளத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒருத்திக்கு இடது மீசை பாதி இல்லை. கங்காணியின் வால் அடித்து முறிந்தது. இன்னொருத்திக்குத் தலை பெரிது. இந்த இருவரும் வரிசையில் முன்னும் பின்னுமாக நடப்பவர்கள்.

ஒருநாள் வெயில் உச்சியில் நிற்கும்போது, மீசை முறிந்தவள் நடுவழியில் நின்று பொட்டலத்தைக் கீழே வைத்தாள். அதுவரை எந்த எறும்பும் செய்யாத காரியம் அது.

ஓணான் ஓடி வந்தான். "ஏட்டி! யாரக் கேட்டு இறக்குன?"

"கால் பொசுக்குது கங்காணி. வாயும் வலிக்குது."

"வாய் வலிக்குதாம்! மகாராணிக்கு வாய் வலிக்குதாம்! ஏ, எல்லாரும் இவளப் பாருங்க. சுமையிறக்கி! சுமையிறக்கி!"

வரிசையில் இருந்த எறும்புகளும் சிரித்தன. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அடிமைப்பட்டவர்கள் தங்களில் ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பதும் அந்த அநியாயத்தில் சேர்ந்ததுதான்.

ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, கொதிக்கும் மணலில் கிடந்த கற்கண்டு இளகியது. ஓலை இடுக்கில் ஒரு சொட்டுக் கசிந்து அவள் முன்னங்காலில் விழுந்தது. கங்காணி திரும்பிய நேரத்தில் அவள் அதை நக்கினாள்.

தொண்டைக்குள் அது குளிர்ந்து இறங்கியது. இத்தனை காலம் எதைச் சுமந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதன்பிறகு அவளுக்குக் கற்கண்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது. பாறைக் குழியில் கற்கண்டை உடைக்கும்போது தெறிக்கும் பொடியை நகத்திடுக்கில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தின்று தீர்த்திருக்கலாம். ஆனால் ஒருத்தி தின்றால் ஒருத்தியோடு முடிந்துபோகும் என்று அவளுக்குத் தோன்றியது. புற்றில் தினை இருந்தது, எள் இருந்தது. தினையை மாவாக்கி, எள்ளை நசுக்கி எண்ணெய் எடுத்துப் பிசைந்து, சிறு சிறு வில்லைகளாகத் தட்டினாள். ஓர் ஓட்டாஞ்சில்லில் அவற்றைப் பரப்பி, மேலே இன்னொரு சில்லைக் கவிழ்த்து, சுற்றிலும் கொதிக்கும் தேரி மணலைக் குவித்தாள். அதுதான் அவள் அடுப்பு. இன்று நாம் வீட்டில் சுடும் பிஸ்கட்டுக்கு அதுதான் முதல்.

முதல் தடவை கற்கண்டை அப்படியே மாவுக்குள் வைத்தாள். அது உருகி ஓடிச் சில்லில் கருகிக் கசந்தது. அடுத்த தடவை தூளாக்கிக் கலந்தாள். தின்ன நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கற்கண்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. பிறகு வில்லை பாதி வெந்ததும் மேல் சில்லைத் தூக்கி, கற்கண்டுக் குருணையை அழுத்திப் பதித்து, திரும்பவும் மூடினாள். ஓரம் மொறுமொறுப்பாகவும், நடுவில் கற்கண்டு பாதி உருகியும் பாதி உருகாமலும் வந்தது. கடித்தால் நறுக்கென்று உடைந்து, பிறகு நூலாக இழுத்தது.

பெரிய தலைக்காரி அடுப்பின் பக்கம் வந்து மோந்து பார்த்தாள்.

"என்னட்டி இது? காடே மணக்கு."

"சேனைக்குச் சுட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"நமக்கு."

"வெயில்ல உனக்கு மண்டை இளகிப்போச்சு. நீயே சுட்டு நீயே நக்கினா அது சேனையா? பெரியவங்க கையால வைக்கணும். சபை பாக்கணும். நாம சபையக் கூட்ட முடியுமா?"

"நாம முடியாது. மரநாய் முடியும்."

"அவன் எதுக்குட்டி நமக்குச் சபையக் கூட்டுதான்?"

மீசை முறிந்தவள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று முறியாத மீசையைத் தூக்கிப் பார்த்தாள். அது மரநாயின் பொந்துப் பக்கமாக அடித்தது. மேல் சில்லைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

மணம் பொந்துக்குள் புகுந்து மரநாயை எழுப்பியது. வந்தான், பார்த்தான், ஒன்றைத் தின்றான். கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றைத் தின்றான். பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

"கற்கண்டு என்னோடது! சபையக் கூட்டு!" என்று கத்தினான்.

முள் நிறைந்த உடைமரத்தடியில் சபை கூடியது. சபைத்தலைவர் செம்போத்தார். அந்தப் பறவையின் குரல் காட்டின் மறுகோடிக்கும் கேட்கும். அணில், பனங்காடை, உடும்பு மூவரும் சாட்சிகளாக உட்கார்ந்தார்கள். எறும்புகள் கடைசியில், சுமையோடு வெயிலில் நின்றன.

மரநாய் பிஸ்கட்டுகளை நடுவில் வைத்தான். "செம்போத்தாரே, இந்த நாதியத்ததுக என் கற்கண்டத் திருடிச் சுட்டது இது. பிஸ்கட்டு எனக்கு வேணும். அடுப்பு எனக்கு வேணும். சுட்டவளோட இன்னொரு மீசையும் எனக்கு வேணும்."

எறும்புக்கு மீசை போனால் வழி தெரியாது. வழி தெரியாத எறும்பு உயிரோடு இருந்தும் பயனில்லை. 

செம்போத்தார் கேட்டார்: "இதில் உம்முடைய கற்கண்டு இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி?"

மரநாய் வாயைத் திறப்பதற்குள் மீசை முறிந்தவள் முந்திக்கொண்டாள். "கற்கண்டா? அதுல ஏது ஐயா கற்கண்டு? வெறும் தினைமாவு. இனிப்புன்னா எப்படி இருக்கும்னு எங்களுக்கு என்ன தெரியும்? எங்க நாக்குல ஒருநாளும் பட்டதில்லையே."

"பொய்!" மரநாய் குதித்தான். "பச்சப் பொய்!"

"மரநாயார் பெரியவங்க. அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்குத் தெரியலையே. வெறும் மாவுதான்."

"தெரியலையா உனக்கு? இப்பத் தெரிய வைக்கேன்." ஒரு பிஸ்கட்டை உடைத்து, கற்கண்டு மின்னும் துண்டைத் தன் கையாலேயே அவள் நாக்கில் வைத்து அழுத்தினான். "இப்பச் சொல்லுட்டி. இனிக்குதா, இல்லையா?"

அவள் அவசரப்படவில்லை. மென்றாள். விழுங்கினாள்.

"இனிக்குது ஐயா."

"கேட்டீங்களா சபையோரே!" மரநாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எறும்பு வரிசையின் பக்கம் திரும்பினான். "உங்களுக்கும் தெரியாதோ? இந்தாங்க, நக்கிப் பாத்து நீங்களும் சாட்சி சொல்லுங்க!" மீதிப் பிஸ்கட்டையெல்லாம் இரண்டு கையாலும் நொறுக்கி அவர்கள்மேல் வீசினான்.

முன்வரிசை பொட்டலத்தை முன்னங்காலில் அணைத்துக்கொண்டு நக்கியது. கடைசி வரிசைவரை தூள் போய் விழவில்லை. அதனால் முன்னால் நின்றவள் பின்னால் நின்றவளின் வாயோடு வாய் வைத்துக் கொடுத்தாள். அவள் அடுத்தவளுக்குக் கொடுத்தாள். இனிப்பு வரிசை முழுக்க நடந்து போவதைச் சபையே பார்த்தது.  "இனிக்குது" என்று கடைசி எறும்பு சொன்னது மட்டும் கேட்டது.

செம்போத்தார் தொண்டையைச் செருமினார்.

"மரநாயாரே, இவர்கள் நாக்கில் இனிப்பை வைத்தது யார்?"

"நான்தான்! என் ரெண்டு கையாலயும்!"

"நீர் இந்தச் சபையில் பெரியவர்தானே?"

"என்ன கேள்வி இது? என்னைவிடப் பெரியவன் இங்க யாரு?"

"சாட்சிகள் பார்த்தீர்களா?"

"பாத்தோம்" என்றது அணில். பனங்காடையும் உடும்பும் தலையாட்டினார்கள்.

"பெரியவர் கை. இனிப்பு. நாக்கு. சாட்சி. சேனை முறைப்படி முடிந்தது. பெயர் படிப்பதுதான் பாக்கி. பெயர் படித்தபின் சுட்ட பொருள் சுட்டவர்களுக்கு. பொதுப் பாறையில் உறைந்த கற்கண்டு பொதுவுக்கு."

மரநாய் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலில் இன்னும் தூள் ஒட்டியிருந்தது. கங்காணி ஓணான் வழக்கம்போல முதலாளிக்குத் தலையாட்டினான். பிறகு செம்போத்தாருக்கு ஆட்டினான். யாருக்கு ஆட்டுவது என்று புரியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தான். இன்றும் அவன் நிறுத்தவில்லை.

"ஏ அம்மா, உனக்கு என்ன பெயர் வேண்டும்?" என்று செம்போத்தார் கேட்டார்.

அவளை அம்மா என்று கூப்பிட்ட முதல் வாய் அது.

பெரிய தலைக்காரி பின்னாலிருந்து இடித்தாள். "பூப்பேரு சொல்லுட்டி. மணக்க மணக்க ஒரு பேரு சொல்லு."

"எனக்கு ஏற்கெனவே ஒரு பேரு வச்சாச்சு" என்றாள் அவள். "நடுவழியில நான் நின்னப்போ கங்காணி வச்சான். எல்லாரும் சிரிச்சீங்க. அந்தப் பேருதான் எனக்கு வேணும். எனக்கு மட்டுமில்ல ஐயா, எங்க எல்லாருக்கும் அதே பேருதான். ஆளுக்கொரு பேரு வச்சா, நாளைக்கு ஒவ்வொருத்தியாக் கூப்பிட்டு மீசைய முறிப்பாங்க. ஒரே பேரா இருந்தா, யாரக் கூப்பிட்டாலும் எல்லாரும் வருவோம்."

அன்று சிரித்த எறும்புகள் இப்போது சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் அணைத்திருந்த ஓலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். காடு முழுக்கப் பொட்டலம் விழும் சத்தம் கேட்டது. தன் இரண்டு கையும் காட்டிக்கொடுத்த மரநாய், யார் முகத்தையும் பார்க்காமல் பொந்துக்குள் போய் ஒளிந்தான்.

அன்று முதல்தான் மரநாய் பகலில் தலைகாட்டுவதில்லை. இருட்டியபின் பதுங்கிப் பதுங்கித்தான் வருகிறது. அன்று முதல்தான் எறும்புகள் ஊர்வலமாக நடக்கின்றன. எதிரெதிரே வருபவர்கள் ஒருகணம் நின்று, மீசையோடு மீசை தொட்டுத் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்கிறார்கள். வாயோடு வாய் வைத்துச் சேனை கொடுக்கிறார்கள். நம் வீட்டில் கற்கண்டு பதித்துப் பிஸ்கட்டு சுட்டால், அடுப்பு ஆறுமுன் அவர்கள் சுவரோரமாக வரிசை கட்டி வந்துவிடுகிறார்கள். திருட்டு என்று சொல்லித் துடைப்பத்தைத் தூக்குகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். முதலில் சுட்டவர்கள் வந்திருக்கிறார்கள்.

அந்தப் பெயரைச் செம்போத்தார் அன்று மணலில் நகத்தால் ஆழமாகக் கீறினார். உடைமரத்தின் உச்சிக்கிளைக்கு ஏறினார். காட்டின் மறுகோடிக்கும், பொந்துக்குள் காதைப் பொத்திக்கொண்டிருந்தவனுக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார்:

"அணிலே, கேள். பனங்காடையே, கேள். உடும்பே, கேள். நீங்கள் சாட்சி. இவர்கள் பெயர், சுமையிறக்கி."