கதவு திறக்கிற வண்டி

வண்டி புதைந்துவிட்டது.

புதிதாக வாங்கிய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. பூதிப்பாறைக்கு ஏறும் மண்தடத்தில், வழுக்குமுடுக்கு என்ற வளைவில், பின்சக்கரம் பாதி சேற்றுக்குள்.

ஸ்டியரிங்கில் சடையப்பன். கதவைத் திறக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்த கால் மிதித்தபடி. இஞ்சின் உறுமியது. சேறு பின்னால் ஆள் உயரத்துக்குப் பறந்தது.

பின்தட்டில் ஒரு மாவு மில். மெஷின், மோட்டார், எல்லாம். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

அது அவர் மகள் தவமணியின் மில். பூதிப்பாறை அவள் கட்டிக்கொண்டு போன ஊர். அங்கே மாவு வேண்டுமென்றால் கேழ்வரகைத் தலையில் வைத்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். அரைத்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். ஒரு நாள் போய்விடும். தவமணி ஊர்ப் பெண்களைக் கூட்டிச் சேர்த்து மில் வாங்கிவிட்டாள். வாங்கியது அடிவாரத்தில் கிடந்தது. ஜீப்பில் ஏற்ற முடியாத கனம்.

"எங்கப்பா கொண்டு வருவாரு," என்று ஊருக்கே சொல்லிவிட்டாள்.

மழை வருகிற வாரம். இறங்கிவிட்டால் தை வரைக்கும் அந்தத் தடத்தில் எந்த வண்டியும் ஏறாது.

ஜீப்காரர்கள் வந்து, கயிறு கட்டி, பின்பக்கமாகவே இழுத்து வண்டியை அடிவாரத்தில் விட்டார்கள்.

"என்ன கோளாறுப்பா?" என்று சடையப்பன் கேட்டார். கண்ணாடியை இறக்கித்தான் கேட்டார்.

"எங்களுக்குத் தெரியாதுண்ணே. பாக்கியத்துக்கிட்டக் கேளுங்க."

மரியபாக்கியம். முப்பத்துநாலு வயது. அந்த மலையில் ஜீப் ஓட்டுகிற ஒரே பெண். மற்ற ஆண்களுக்கெல்லாம் தடம் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். சிலரை அறைந்தே சொல்லிக்கொடுத்தாள் என்பார்கள்.

சடையப்பனுக்கு அறுபதை நெருங்கும் வயது. போனார். வேறு வழி?

அவள் ஜீப்பின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தாள்.

"தாயி, என் வண்டியில என்ன குறை?"

தலையை வெளியே எடுத்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள். வெள்ளை வேட்டி. மினுமினுக்கும் தோல் செருப்பு. ஒரு சொட்டுச் சேறு கிடையாது.

"முப்பது வருஷம் லாரி ஓட்டினீங்களாமே."

"ஆமா. கல்கத்தா, கவுகாத்தி, எங்க வேணாலும் கேளு."

"ஓட்டினது யாரு?"

"யாரா? நாந்தேன்!"

பானெட்டை டமாரென்று சாத்தினாள்.

"அப்ப இதையும் நீங்களே ஓட்டுங்க."

அவ்வளவுதான் பேச்சு.

சடையப்பனுக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காதா? அந்த வண்டியை வாங்க அவர் ஊர் ஊராக அலைந்தவர். பழைய வண்டி விற்கும் யார்டில் வரிசையாக நின்றவற்றில் ஒன்று அவரை நிறுத்தியது. தரையிலிருந்து இடுப்புயரம். இரும்பு உடம்பு. கியர் லிவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லிவர்.

"இது எதுக்கு?"

"இத இழுத்தா நாலு சக்கரமும் வேலை செய்யும்ணே. மலை, சேறு, மணல், எல்லாம் ஏறும்," என்றான் விற்கிறவன்.

சடையப்பன் லிவரைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை சிலிர்த்தது. பிறகு வேறு வண்டியைப் பார்ப்பானேன்?

"இன்னொண்ணு இருக்குண்ணே. நாலு சக்கரத்துல போறதுக்கு முன்னாடி, முன்சக்கரத்துல…"

"அதெல்லாம் கிளீனர் பாத்துக்குவான். சாவியக் குடு."

கிளீனர் இல்லை. லாரியை விற்ற அன்றே, "இனிமே சின்ன வண்டிதேன், உனக்கென்ன வேலை?" என்று சொல்லி, வீரணனை ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் இறக்கிவிட்டிருந்தார். முப்பது வருஷம் கூட ஓடியவன். தலை நரைத்த கிளீனர். துணிமூட்டையோடு நின்று, வழக்கம்போல வண்டிப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்டு," என்றான். சடையப்பன் கிளம்பிவிட்டார்.

ஆகவே யார்டில் சொன்னது வாய்ப்பழக்கம். விடுங்கள்.

பாக்கியம் சொல்லாவிட்டால் போகிறாள். மலை ஏறத் தேவையானதை மாட்டிவிட்டால் வண்டி ஏறாதா? டவுனுக்குப் போனார்.

மாட்டினார். என்னென்ன மாட்டினார்! பல் பல்லாக நிற்கும் பட்டன் டயர். முன்னால் காட்டெருமை முட்டினாலும் வளையாத கம்பி. கூரையில் வரிசையாக விளக்கு. தண்ணீரில் முங்கினாலும் மூச்சு விட, தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். முன்பக்கத்தில் வின்ச். மோட்டார் சுற்றும், இரும்புக் கம்பிவடம் சுருளும், முனையில் கொக்கி. கொக்கியை ஒரு மரத்தில் மாட்டிவிட்டால் வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு மேலே போகும்.

வின்ச்சைப் பார்த்து மனுஷர் கைதட்டினார். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

திரும்பி வந்தபோது அடிவாரத்தில் கூட்டம் கூடிவிட்டது.

"கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கு," என்றான் லூர்து என்ற ஜீப்காரன். "ஏண்ணே, ஆறே இல்லாத மலைக்குத் தும்பிக்கை எதுக்கு?"

"நீ பாருடா," என்றார் சடையப்பன். "இன்னிக்கு அந்த முடுக்கு அதிரும்!"

அதிர்ந்தது. விளக்கு எரிய, ஹாரன் அலற, வண்டி முதல் வளைவில் பாய்ந்தது. இரண்டாவதில் பாய்ந்தது. கற்கள் தெறித்தன. சடையப்பனுக்கு வயது இருபது குறைந்தது.

வழுக்குமுடுக்கு.

குட்டி லிவரை இழுத்தார். மிதித்தார். பின்சக்கரம் இரண்டும் சுற்றின. முன்சக்கரம் இரண்டும் சும்மா இருந்தன. அது ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது.

புதைந்தது. அதே இடம். அதே பள்ளம்.

பின்னாலேயே ஜீப்பில் வந்த லூர்து எட்டிப் பார்த்தான்.

"ஊர்வலம் பாதியில நின்னுபோச்சா மாப்ளே?"

"டேய், இங்க வா! இந்தக் கொக்கிய இழுத்துட்டுப் போய் அந்த மரத்துல மாட்டு!"

"நீங்க இறங்கி மாட்டுங்க."

"நானா?"

டிரைவர் இறங்க மாட்டான். லாரிக்காரர்கள் சட்டம் அது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் சட்டம். டயரைத் தட்டிப் பார்ப்பது கிளீனர். சக்கரத்துக்குக் கட்டை போடுவது கிளீனர். சேற்றில் நிற்பது கிளீனர். டிரைவர் கண்ணாடியைப் பார்ப்பான். "ரைட்டு" என்று குரல் வரும். கியரைப் போடுவான்.

வின்ச் முன்னால் தொங்கியது. கொக்கியை எடுத்துப் போக ஆள் இல்லை. லூர்து சிரித்துக்கொண்டே கயிறு எடுத்துவரப் போனான்.

மறுபடி அடிவாரம். மறுபடி பாக்கியம். டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வண்டி சரியில்ல தாயி. வித்துடுறேன். எந்த வண்டி வாங்கட்டும்? சொல்லு, நாளைக்கே வாங்குறேன்."

"கதவு திறக்கிற வண்டி."

"எல்லா வண்டிக்கும் கதவு திறக்குமே!"

"உங்க வண்டிக்குத் திறக்கலையேண்ணே."

அவருக்கு விளங்கவில்லை. விட்டார்.

"சரி. என்ன மாட்டணும், அதச் சொல்லு."

அவர் காலைப் பார்த்தாள்.

"கழட்டணும்."

"எத?"

டீயைக் குடித்தாள். 

அப்போது போன் அடித்தது. தவமணி. மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும், ஆகவே அவள் எப்போதும் கத்துவாள்.

"அப்பா! இங்க மேகம் கவிஞ்சிருச்சு. காத்து மாறிருச்சு. எல்லாரும் ஊர் நடுவுல, மந்தையில வந்து நிக்கிறாங்க. வருவியா, மாட்டியா? வர முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. நான் மூஞ்சிய மறைச்சுக்கிறேன்."

சடையப்பன் போனைக் காதில் வைத்தபடியே மலை முகட்டைப் பார்த்தார். முகடு இல்லை. கறுப்புதான் இருந்தது.

பாக்கியம் டம்ளரை வைத்தாள். விறுவிறுவென்று போய்ச் சடையப்பனின் வண்டியில், கிளீனர் உட்காருகிற இடத்தில், ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க வண்டிய!"

எடுத்தார்.

தார்ரோடு முடிந்து மண் தொடங்கிய இடத்தில், "நிறுத்துங்க," என்றாள். குதித்தாள். உட்கார்ந்த இடத்திலேயே அவர் காதில் விழுந்தது: உஸ்ஸ்ஸ்.

தலையை வெளியே நீட்டினார்.

"ஏய்! என்ன செய்யிற? காத்தப் புடுங்குற!"

"கல்லு மாதிரி அடிச்சு வச்சிருக்கீங்க. டயர் கொஞ்சம் சப்பினாத்தேன் மண்ணைப் புடிக்கும்."

நாலு டயரிலும் பாதிக்குப் பாதி. மறுபடி ஏறினாள்.

"போலாம்!"

முதல் வளைவு. இரண்டாவது. டயர் மண்ணைக் கவ்விக்கொண்டு போவது அவர் முதுகுத்தண்டுக்கே தெரிந்தது. "அடி ஆத்தி!" என்று கத்தினார். பாக்கியம் சிரிக்கவில்லை, ஆனால் கம்பியைப் பிடித்திருந்த கையால் தாளம் போட்டாள்.

வழுக்குமுடுக்குக்குச் சற்றுக் கீழே அவள் சட்டென்று குனிந்தாள். சாவியைத் திருகிப் பிடுங்கினாள். இஞ்சின் செத்தது. அவர் பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள், குறுக்கே கையை நீட்டி, அவர் பக்க ஜன்னல் வழியாகச் சாவியை வீசி எறிந்தாள்.

"பைத்தியமா உனக்கு? எடுத்துட்டு வா!"

"உங்க சாவி."

"மழை வரப்போகுது!"

"ஆமா."

கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

இடி உருண்டது. மேலே மகள் மந்தையில் நிற்கிறாள்.

சடையப்பன் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்தார்.

முதல் அடியிலேயே செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது. இரண்டாவது அடியில் இன்னொன்று. வேட்டியை மடித்துக் கட்டினார். சாவியைக் காணவில்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. மண்டியிட்டார். சேற்றில் கையை விட்டுத் துழாவினார். கிடைத்தது.

நிமிர்ந்தார். மூக்குக்கு நேரே சக்கரத்தின் நடுப்பகுதி. அதில் ஒரு குமிழ். குமிழில் ஓர் அம்புக்குறி. ஒரு பக்கம் ஃப்ரீ என்று பொறித்திருந்தது. மறுபக்கம் லாக். அம்பு ஃப்ரீயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதைப் பூட்டாமல் முன்சக்கரம் எப்படி இழுக்கும்?

உள்ளே எத்தனை லிவரை இழுத்து என்ன?

குமிழைப் பிடித்துத் திருகினார். கடக். எழுந்து ஓடினார். ஆமாம், ஓடினார். அந்தப் பக்கச் சக்கரம். மண்டியிட்டார். திருகினார். கடக்!

மண்டியிட்டபடியே மேலே பார்த்தார். கீழேயிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அவ்வளவு உயரத்தில் இருந்தது. அங்கே இருப்பவனுக்கு இங்கே இருப்பவன் தெரியவே மாட்டான். குரல் மட்டும்தான் கேட்கும்.

பாக்கியம் கண்ணைத் திறந்திருந்தாள்.

சாவியை அவளிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு தாயி."

"நீங்க?"

"நான் கீழ நிக்கிறேன்."

வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் கையால் தட்டினார். தடத்தில் கிடந்ததில் பெரிய கல்லாக ஒன்றைத் தூக்கிக்கொண்டார். முடுக்கில் ஏறி நடந்தார். எது பள்ளம், எது கட்டாந்தரை என்று காலால் பார்த்தார். திரும்பி நின்று கையை உயர்த்தினார்.

"வரட்டும்!"

வண்டி வந்தது. நாலு சக்கரமும் வந்தன! முன்சக்கரம் மண்ணைக் கிழித்து இழுக்க, பின்சக்கரம் தள்ள, மில்லோடு சேர்த்து மொத்தக் கனமும் அந்தப் பள்ளத்தில் இறங்கி, ஆடி, எழுந்தது.

"லெப்ட்டு… லெப்ட்டு… ஒடிக்காத… வரட்டும், வரட்டும்…"

விளிம்பில் பின்சக்கரம் வழுக்கியது. அந்தப் பக்கம் வெறும் பள்ளத்தாக்கு. சடையப்பன் பாய்ந்தார். கல்லைச் சக்கரத்துக்குக் கீழே திணித்துக் குதிகாலால் உதைத்தார். வண்டி நின்றது. மூச்சு வாங்கினார். பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்டு!"

குரல் அவர் காதிலேயே விழுந்தது. அது அவர் குரல் மாதிரி இல்லை.

வண்டி ஒரே தாவில் முடுக்கைத் தாண்டியது. பின்னாலேயே வந்து கீழே நின்ற ஜீப்காரர்கள் விசில் அடித்தார்கள். சடையப்பன் ஏறவில்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடினார், நடந்தார், மறுபடி ஓடினார். ஒவ்வொரு வளைவிலும் கை உயர்ந்தது.

மந்தை. முழு ஊரும். பெண்கள் குலவை போட்டார்கள். தவமணி ஓடி வந்தாள். பாதியில் நின்றாள். ஸ்டியரிங்கில் பாக்கியம். அப்பா தரையில். வெறுங்கால். இடுப்பு வரைக்கும் சேறு. கையில் ஒரு கல்.

"என்னப்பா இது கோலம்! நீ ஓட்டலையா?"

சடையப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணிலும் ஏதோ வழிந்தது. மழைதான் தொடங்கியிருந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பாக்கியம் இஞ்சினை அணைத்தாள். கதவைத் திறந்தாள். இறங்கினாள்.

"அண்ணே. அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். முப்பது வருஷம் லாரி ஓட்டினது யாரு?"

சடையப்பன் குனிந்தார். கல்லைப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து வைத்தார். நிமிர்ந்தார்.

"வீரணன்."