கன்னி மூலை பீரோ

ஒரு ஊர்ல ஒரு பீரோ இருந்துச்சாம். ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல, பீரோதான். சிரிக்காம 'ம்' கொட்டிக் கேளு. நாகப்பட்டினத்துல, கடலுக்குக் கிட்ட, வேதவல்லி வீட்டு பீரோ. அவளுக்கு குமுதான்னு ஒரே பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். கூட மாமியா ராசம்மா. புருஷனுக்கு வெளியூர்ல வேலை. அந்த ஊர்ல எந்நேரமும் புழுக்கம். மழைக்காலத்துல துவைச்ச துணி காயவே காயாது, ரூமுக்குள்ளயே கொடி கட்டிடுவாங்க.

அப்போ என்னாச்சு, ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு. சோ... சோ...ன்னு. பீரோ ஓரமா செவுத்துல கறுப்பா, பொட்டுப் பொட்டா பூசணம் பூத்துருச்சு. குமுதாவுக்கு மூச்சிழுப்பு வந்துருச்சு. படுத்தா நெஞ்சுக்குள்ள கீ... கீ...ன்னு கத்தும். டாக்டர் மருந்து குடுத்துட்டு, "வீட்ல ஈரம் எங்க இருக்குன்னு பாருங்க"ன்னாரு. யாரு பாத்தா?

"ம்."

முதல்ல வேதவல்லி பெயிண்ட் வாங்கி சரட் சரட்னு அடிச்சா. கொஞ்ச நாள்ல பெயிண்ட்டைத் தள்ளிக்கிட்டு மறுபடி எட்டிப் பாத்துச்சு. அப்புறம் காஞ்ச தொடப்பத்தால சரக் சரக்னு சுரண்டினா. அவ்வளவு தூசியும் பறந்து புள்ள மூக்குலயே ஏறிச்சு. மூணாவதா ராசம்மா கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு குப்புகுப்புனு சாம்பிராணி போட்டா. பூசணம் அசையல. குமுதாதான் லொக்கு லொக்குன்னு இருமினா.

அப்போ ராசம்மா சொல்லிட்டா: "இவளுக்கு இந்தக் காத்து ஒத்துக்கல. தை பொறந்ததும் பெரம்பலூர்லேர்ந்து என் பொண்ணு வரட்டும். கூட்டிட்டுப் போய் அங்கயே படிக்க வைக்கட்டும்."

வேதவல்லி என்ன பண்ணுவா? ஒத்தைப் புள்ளைய விட்டுட்டு எப்படி இருப்பா? ஆனா இழுப்பைப் பாத்தா வேண்டாம்னும் சொல்ல முடியல. பெட்டி கட்டலாம்னு பீரோவைத் திறந்தா, பாவாடை சட்டையெல்லாம் மக்குன வாடை. எங்கேர்ந்துடா வருதுன்னு பீரோவுக்குப் பின்னால கைய விட்டா. செவுரு ஜில்லுன்னு சொதசொதன்னு இருக்கு. இன்னும் உள்ள விட்டா, ஏதோ கொக்கி தட்டுப்படுது. என்ன கொக்கி?

"ம்... ஜன்னலா?"

ஜன்னலேதான்! பீரோ கன்னி மூலையில, அதான் தென்மேற்கு மூலையில, செவுத்தோட ஒட்டி இருந்தாதான் லட்சுமி தங்குவான்னு யாரோ சொன்னாங்களாம். வேதவல்லி கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடியே ஜன்னலை மறைச்சு வச்சுட்டாங்க. காத்துக்கு வழியே இல்ல.

"அத்தே, பீரோவை நகத்தணும்"னா வேதவல்லி.

"கன்னி மூலையை விட்டா? லட்சுமி போயிருவாடி!"

"லட்சுமி போனா திரும்பி வருவா அத்தே. புள்ள போனா அங்கயே பழகிடும்."

வேதவல்லி முட்டுக் குடுத்துத் தள்ளினா. ம்ஹூம். மறுபடியும் தள்ளினா. கொஞ்சம் முனகுச்சு, நகரல. மூணாவது தடவை ராசம்மா வந்து பக்கத்துல கை வச்சா. கர்ர்ர்ர்னு நகந்துருச்சு! ஜன்னல் கிறீச்சுனு திறந்துச்சு, காத்து விர்ருனு உள்ள வந்துச்சு.

அப்புறம் குமுதாவை அடுத்த வீட்ல விட்டுட்டு, ரெண்டு பேரும் மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு, சோப்புத் தண்ணியில துணியை நனைச்சு செவுத்தைத் துடைச்சாங்க. துடைச்ச துணியைத் தூக்கி எறிஞ்சாங்க. ஃபேனைப் போட்டு செவுத்தைக் காய விட்டாங்க. கொடியை வெளித் தாவாரத்துக்கு மாத்தினாங்க. வெயில் அடிச்ச அன்னிக்கு மெத்தை, தலகாணி எல்லாம் மாடிக்குப் போச்சு. பீரோ செவுத்தை விட்டுத் தள்ளியே நின்னுச்சு.

"ம்..."

தை பொறந்துச்சு. பெரம்பலூர்லேர்ந்து குமுதாவோட அத்தைக்காரி வந்துட்டா. வாசல்லயே, "எங்க என் மருமக? பெட்டி கட்டியாச்சா?"ன்னு சத்தம் போட்டா. வேதவல்லி, மாமியா என்ன சொல்லுவாளோன்னு அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா.

ராசம்மா வாய்ல விரலை வச்சா. "ஷ்ஷ்... மெதுவாப் பேசு. புள்ள சத்தமில்லாம மூச்சு விட்டுத் தூங்குது. நீ காப்பியைக் குடிச்சிட்டு பஸ்ஸைப் புடி."

அவ்வளவுதான். குமுதாவும் தூங்கிட்டா, கதையும் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு.