நாலும் மூணும் அஞ்சு

முன்னொரு காலத்தில், அதாவது என் தலையில் முடியும் அரண்மனையில் எனக்குக் கொஞ்சம் மரியாதையும் இருந்த காலத்தில், ஒரு நாள் காலை என் மனைவி வள்ளிக்கண்ணு புளியங்கொட்டைகளைக் கழுவிக் காயப்போடச் சொன்னாள்.

“நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க. நேத்துப் பாதிக் கணக்கைப் பிள்ளைங்க வாயில போட்டு மென்னுடுச்சுங்க.”

யானைக் கொட்டாரத்தை ஒட்டிய வைக்கோல் கொட்டகையில் அவள் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தாள். பாகன் வீட்டுப் பிள்ளைகள், மடைப்பள்ளிப் பிள்ளைகள், அவர்களோடு ஆறு வயது இளவரசரும் உண்டு. எழுத்து மணலில் விரலால், கணக்கு புளியங்கொட்டையால். நான் சபையில் மகாராஜாவைச் சிரிக்க வைக்கும் விகடகவி. எங்கள் இருவரில் யாருடைய வேலை கடினமானது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

கழுவி முறத்தில் பரப்பினேன். தலை வலிக்கிறது என்று அவள் உள்ளே போய்ப் படுத்தாள். கொட்டைகள் காய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க மகாராஜாவே வந்தார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. உத்தரவு போடத்தான் தெரியும். வெகுநேரம் வாசலில் நின்று மீசையைத் தடவிவிட்டு, “பிச்சாண்டி, அவள் நடத்திய பள்ளியை இனி நீ நடத்து” என்றார்.

சபை முழுவதையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவனுக்கு இடுப்புயரப் பிள்ளைகள் எம்மாத்திரம் என்று போனேன். குரங்குபோலக் குதித்துக் குதித்து ‘க’ எழுதிக் காட்டினேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பாகன் மகள் சடைச்சிதான் இரக்கப்பட்டாள்.

“ஐயா, அம்மா இப்பிடியெல்லாம் ஆட மாட்டாங்க. உக்காருங்க. மொதல்ல மணலைச் சமப்படுத்தணும்.”

உட்கார்ந்தேன். சமப்படுத்தினேன். அன்று நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

பிரதானி தில்லைநாயகம் என்றொருவர் சபையில் இருந்தார். என் வேடிக்கைக்கு மகாராஜா சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்செரிச்சல் வரும். போதாததற்கு, அந்தக் கொட்டகைமேல் அவருக்கு ஒரு கண். தம்முடைய புதுப் பல்லக்கை மழைபடாமல் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். மகாராஜா எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் புறப்பட்ட நேரம் பார்த்து அருகில் போனார்.

“மகாராஜா, அரச குலத்தவர் சொல்லைத் தப்பு என்று சொல்லும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. அந்தக் கொட்டகையில் இளவரசரையே ‘தப்பு, மறுபடி எண்ணு’ என்கிறார்களாம்.”

அது வள்ளிக்கண்ணு பாடம் நடத்தியபோது வழக்கமாகச் சொன்னது. யானைகளின் பிளிறலில் அதுவரை யார் காதிலும் விழவில்லை.

“அப்படியா? இளவரசன் சொல்வதை இனி யாரும் தப்பு என்று சொல்லக்கூடாது” என்றார் மகாராஜா.

“பௌர்ணமிச் சபையில் இளவரசரின் படிப்பையும் சோதிப்போம். தேறாவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிடலாமே.”

“அப்படியே ஆகட்டும். வெந்நீர் ஆறுகிறது.”

திருத்தினால் தண்டனை, திருத்தாவிட்டால் பூட்டு. குழி நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது. விழப்போவது நானாக இல்லாதிருந்தால் கைதட்டியிருப்பேன். ஆனால் வள்ளிக்கண்ணு விட்டுப்போனதில் எனக்கு மிச்சம் அந்தக் கொட்டகை ஒன்றுதான். அதில் பல்லக்கை நிறுத்துவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இளவரசர் புத்திசாலி. எழுத்தைப் பிடிக்கும் முன்பே உத்தரவைப் பிடித்துக்கொண்டார்.

“நாலும் மூணும் எத்தனை, இளவரசே?”

“அஞ்சு.”

“கொட்டையை வைத்து எண்ணிப் பார்க்கலாமே?”

“எதுக்கு? நான் சொன்னா சரிதான்.”

“அப்ப நான் நூறுன்னு சொல்றேன்” என்றாள் சடைச்சி.

“நீ சொல்லாதே. நீ பாகன் பொண்ணு.”

வாக்கியம் அமைப்பதும் அப்படித்தான் நடந்தது. “யானை வந்தார், அப்பா வந்தது” என்றார் இளவரசர். பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் யோசனை எதுவும் தொங்கவில்லை.

பௌர்ணமியும் வந்தது. அன்று சபையில் அமரும் ஒவ்வொருவருக்கும் மகாராஜாவின் மடைப்பள்ளியிலிருந்து நாலு அதிரசம், மகாராணியின் மடைப்பள்ளியிலிருந்து மூன்று அதிரசம் இலையில் வைப்பார்கள். பெரியவர் சிறியவர் வித்தியாசமில்லை; மகாராஜாவுக்கும் அதே அளவுதான். ஆனால் மகாராஜா எடுத்து வாயில் வைக்கும்வரை யாரும் தொடக்கூடாது. நான் வெறும் வயிற்றோடு, யோசனை எதுவும் இல்லாத தலையோடு போய் உட்கார்ந்தேன்.

பிரதானி எழுந்தார். “இளவரசே, தங்கள் தந்தையார் சபைக்கு எழுந்தருளியதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்.”

“அப்பா வந்தது.”

சபையில் யாரோ இருமினார்கள். பிரதானி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். “என்ன பிச்சாண்டி, இது சரிதானா?”

“நான் சின்ன ஆள். இளவரசர் சொன்னது தப்பு என்று பிரதானியவர்கள் கருதுகிறீர்களா?”

உத்தரவு தம்மையும் சேர்த்துத்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“இல்லை, இல்லை. சரிதான்.”

“நல்லது. மகாராஜா இப்போது என்ன செய்கிறார் என்று அதே முறையில் சொல்லுங்கள்” என்றேன்.

பிரதானிக்கு வியர்த்தது. “மகாராஜா... உட்கார்ந்திருக்கிறது.”

மகாராஜாவின் மீசை ஒரு பக்கம் ஏறியது. பேச்சை மாற்றுவதற்காகப் பிரதானி கண்ணில் பட்டதைக் கேட்டுவைத்தார்.

“இலையில் நாலும் மூன்றும் வைத்திருக்கிறார்கள், இளவரசே. மொத்தம் எத்தனை?”

“அஞ்சு.”

“பிரதானி என்ன சொல்கிறீர்கள்?” என்றேன்.

“ஐந்துதான்” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

பெரிய யோசனை செய்துதான் இதைக் கண்டுபிடித்தேன் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் எனக்கு அப்போது அசாத்தியப் பசி. எழுந்து போய்ப் பிரதானியின் இலையிலிருந்து இரண்டு அதிரசத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

“மகாராஜா! என் அதிரசத்தை இவன் தின்கிறான்!”

“உங்களுடையது ஐந்து. அது இலையிலேயே இருக்கிறது, எண்ணிக்கொள்ளுங்கள்” என்றேன் வாய் நிறைய. “இந்த இரண்டும் கணக்கில் இல்லாதவை. இல்லாததைத் தின்றால் குற்றமா?”

சபை சிரிக்கத் தொடங்கியது. நான் வரிசையாக ஒவ்வோர் இலையிலும் இல்லாத இரண்டை எடுத்து மேல்துண்டில் கட்டிக்கொண்டே போனேன். மகாராஜாவின் இலையிலும் எடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இளவரசரின் இலைக்கு வந்தேன்.

இளவரசர் இரண்டு கையாலும் இலையை மூடினார்.

“இது என்னோடது!”

“தங்களுடையது ஐந்துதானே, இளவரசே?”

அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். உதடு அசைய, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கண்ணில் நீர் முட்டியது.

“ஏழு இருக்கு! நாலும் மூணும் ஏழு! நான் சொன்னது தப்பு!”

“மகாராஜா,” என்றேன், “இதைத் தப்பு என்று சொன்னது நான் இல்லை. உத்தரவை நான் மீறவில்லை.”

மகாராஜா சிரித்த சிரிப்பில் அவர் இலையில் மிச்சமிருந்தவையும் கீழே உருண்டன. “சிரித்தது... சிரித்தது... மகாராஜா சிரித்தது!” என்று பிரதானியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மூச்சு வாங்கியதும் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். “இளவரசன் படித்துவிட்டான், பிச்சாண்டி. கொட்டகை உன்னுடையது. வேறென்ன வேண்டும், கேள்.”

“கொட்டகைக்குள் மட்டும் யாரும் யாரையும் தப்பு என்று சொல்ல அனுமதி வேண்டும்.”

“என்னையுமா?”

“உள்ளே வந்து மணலில் உட்கார்ந்தால், தங்களையும்தான்.”

மறுபடி சிரித்து, மாலையையும் என் கழுத்தில் போட்டார்.

மறுநாள் கொட்டகையில் ஏழையும் எட்டையும் மணலில் எழுதி, கீழே பதினாறு என்று போட்டேன்.

“தப்பு. மறுபடி எண்ணுங்க” என்றாள் சடைச்சி. குரல் சடைச்சியுடையது, சொன்ன விதம் வள்ளிக்கண்ணுவுடையது.

எனக்குச் சற்று நேரம் மணல் தெரியவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

அந்த இளவரசர்தான் இப்போது மகாராஜா. பிரதானியின் பல்லக்கு மழையில் நனைந்தே இற்றுப்போயிற்று. நான் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் ஏழும் எட்டும் எத்தனை என்று யாராவது திடீரென்று கேட்டால், கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இன்றைக்கும் விரல் விட்டுத்தான் எண்ணுகிறேன்.