நடுவில் நிற்பதற்கு ஒரு பெயர்

அந்த மலை மடத்துக்குள் மேகம் கேட்காமலே வரும். ஜன்னல் வழியாக நுழைந்து கம்ப்யூட்டர்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். மென்பொருள் எழுதுகிறவர்களின் மடம் அது. காலையா மாலையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

குரு செண்பகவல்லிக்கு முப்பது வயதுதான். சீடர் குலசேகரனுக்குத் தலை முழுக்க நரை. அதில் அவர்களுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் அவ்வப்போது சிரிப்பு வரும்.

ஒரு இயங்குதளத்துக்காக எழுதிய புரோகிராமை இன்னொரு தளத்தில் ஓட வைக்க, இரண்டுக்கும் நடுவே நிற்கிற ஒரு மென்பொருளைக் குலசேகரன் செய்திருந்தார். பெயர் வைத்து, பேக்கேஜாகக் கட்டிய பிறகுதான் எதுவும் மலையை விட்டு இறங்கலாம் என்பது மடத்து வழக்கம்.

அதை வாங்கிப்போக ஸ்டெல்லா வந்திருந்தாள். கூடவே அவள் கணவர் சூசை, தொண்டை ஆபரேஷனில் குரல் போனவர். அவர் தட்டச்சு செய்வதைப் பேசிக் காட்ட ஒரு பழைய புரோகிராம் இருந்தது; வீட்டில் அதன் குரல்தான் அவர் குரல். பழைய கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. புதியதில் அது ஓடமாட்டேன் என்கிறது.

"வேற புரோகிராமும் போட்டுப் பாத்தோம்மா," என்றாள் ஸ்டெல்லா. "யாரோ அசலான் வீட்டுக்குள்ள வந்து பேசற மாதிரி இருக்கு. எனக்கு இவரு வேணும்."

குலசேகரன் தன் மென்பொருளைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றினார். பழைய புரோகிராம் எட்டிப் பார்த்தது, உடனே மூடிக்கொண்டது. மறுபடியும் திறந்தார். மறுபடியும் மூடிக்கொண்டது. ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து நல்லா ஓடிச்சே அம்மா!" என்று குருவிடம் பதறினார் குலசேகரன்.

"அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க அண்ணே?"

"பேரு வச்சேன். குலசேதுன்னு."

"எங்க வச்சீங்க?"

"எல்லா இடத்துலயும்தான். 'நான் எந்தத் தளத்துல இருக்கேன்'னு புரோகிராம் கேக்கும் இல்ல? அந்தப் பதில்லயும்."

அடக் கடவுளே, அந்தப் பழைய புரோகிராமுக்குக் குலசேது யார் என்றே தெரியாதே!

குரு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, பதிலில் இருந்த பெயரை அழித்தாள். புரோகிராமுக்குப் பழக்கமான பழைய தளத்தின் பெயரை அங்கே எழுதினாள். இந்த முறை புரோகிராம் திறந்து அப்படியே நின்றது. சூசை விரல்களை மெல்ல நகர்த்தினார். மேகத்துக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"ஸ்டெல்லா, பசிக்குது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வந்ததும் வராததுமா சோறுதானா உங்களுக்கு?" என்று அவர் தோளில் ஒன்று போட்டாள்.

குலசேகரனுக்கும் கண் கலங்கியது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"ராப்பகலா பாடுபட்டேன் அம்மா. என் பேர எங்கதான் வைக்கறது?"

"பேக்கேஜ் மேல வைங்க. பெருசாவே வைங்க."

"நான்தான் செஞ்சேன்னு எல்லாருக்கும் தெரியவா?"

"நாளைக்கு இவரு பேச்சு நின்னு போச்சுன்னா, யாரைத் திட்டறதுன்னு இந்த அக்காவுக்குத் தெரிய வேணாமா அண்ணே?"