டிராகன் படம் போட்ட ஊதுபத்தி

கடலோர ஆசிரமத்தில், தியான மண்டபத்து வாசலில் தினமும் யாரோ ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்திலேயே அதன் பெட்டி. சல்லிசான ஊதா அட்டையில், நெருப்பு கக்கும் டிராகன்மேல் சிறகு முளைத்த ஒரு பெண். தொட்டால் விரலில் ஜிகினா ஒட்டியது.

ஏகாம்பரத்துக்கு அது கண்ணை உறுத்தியது. சுங்க இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றபின் சீடராக வந்தவர். எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்பிப் பழக்கமில்லை.

“செய்வினையாக இருக்கும் அம்மா. சாமி படமா இது?”

அவரைவிட இளையவரான குரு மங்களாம்பாள் பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

“டிராகனுக்குப் பல்வரிசை அழகாக இருக்கிறது.”

மறுநாள் ஏகாம்பரம் ஒரு குச்சியை ஒடித்துப் பொடித்துத் தண்ணீரில் போட்டார். கரித்தூள் மிதந்தது. மனம் ஆறவில்லை.

“மயக்க மருந்து கலந்திருந்தால்?”

“உங்களுக்கு மயக்கம் வந்ததா?”

“தும்மல் வந்தது.”

குரு சிரித்தார்.

“யார் வைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா அம்மா?”

“தெரியும்.”

“யார்?”

“நீங்களே பாருங்கள்.”

அன்றிலிருந்து குருவின் மேலும் அவருக்குச் சந்தேகம் விழுந்தது.

அடுத்த நாள் காலையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். மீன் விற்கும் அஞ்சலை வந்தாள். காலிக் கூடையை வெளியே இறக்கிவிட்டு, தீக்குச்சி கிழித்தாள்.

“நில்லு! எதுக்கு இதை வைக்கிறே?”

அவள் தீக்குச்சியை ஊதி அணைத்தாள்.

“தப்பா நினைக்காதீங்கய்யா. வித்துட்டு நேரா இங்க வர்றேன். போன மாசம் உள்ளே உங்க பக்கத்துல உக்காந்தேன். நீங்க துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அதான், இதை ஏத்திட்டு வாசப்படிக்கு வெளியிலயே உக்காந்து அம்மா பேசுறதைக் கேக்குறேன். யாருக்கும் நாத்தம் தெரியாதுல்ல?”

ஏகாம்பரம் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கினார்.

“ஏன் இந்தப் படம்?”

“படத்தை யாருய்யா பார்த்தா? இதுதான் வாசம் தூக்கலா இருந்துச்சு.”

அவர் குருவிடம் போனார்.

“தெரிந்தும் ஏன் சொல்லவில்லை அம்மா?”

“பெட்டியையும் அதை வைக்கிறவரையும் பற்றித்தானே கேட்டுக்கொண்டிருந்தீர்கள், ஏகாம்பரம்? உங்கள் பக்கத்து இடம் ஒரு மாதமாக ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கேட்கவே இல்லையே.”