நர்சம்மா ஏறின மேடு

ஒரு மலையடிவார ஊர்ல ஒரு நர்சம்மா இருந்தாங்க. பேரு சவுந்திரவல்லி. நல்லா கனத்த உடம்பு. மலைமேல இருக்கிற குழந்தைங்களுக்குத் தடுப்பூசி போடுறது அவங்க வேலை. அப்போ அடிச்ச மழையில ரோடு சரிஞ்சு, பஸ் நின்னு போச்சு. சைக்கிள் போற அளவுக்குத்தான் வழி மிச்சம். கேக்குறியா?

"ம்."

காலை ஆட்டாம கேளு. மருந்து ஐஸ் பெட்டியிலதான் இருக்கணும். நர்சம்மா நடந்து போனாங்க, போய்ச் சேர்றதுக்குள்ள ஐஸ் உருகி மருந்து வீணாப்போச்சு. அப்புறம் அவங்களுக்கு இருப்பே கொள்ளல. பள்ளிக்கூடம் போறப்போ ஓட்டினதுதான், இருந்தாலும் சைக்கிள்லயே போயிடலாம்னு கடைக்குப் போனாங்க.

"ஒவ்வொண்ணா மேட்டுல ஏத்திப் பாத்துதான் வாங்குவேன் தம்பி"ன்னாங்க.

மொதல்ல கியரே இல்லாத சைக்கிள். மேடு வந்ததும் பெடல் நகரல. முட்டி கடக்! இறங்கிட்டாங்க.

அப்புறம் ஒல்லி டயர் வச்ச ரேஸ் சைக்கிள். பெடலோட சேந்து சுத்துற முன்பல்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி பெருசு. சமதரையில விர்ர்ருன்னு போச்சு. மேட்டுல கனம் தாங்காம பின்சக்கரக் கம்பி டிங்!

மூணாவது, தடி டயர் வச்சது. முன்பல்சக்கரம் குட்டி, பின்னாடி கடைசிப் பல்சக்கரம் பெருசு. மெதுவா, ஆனா நிக்காம மேடு ஏறிடுச்சு. கடைக்காரர், "இது வேகமாப் போகாதேக்கா"ன்னார்.

"நிக்காமப் போகும்ல? அது போதும்."

"ம்... அப்புறம் அத்தை?"

அப்புறம் பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பினாங்க. கால் கிர்ர் கிர்ர்னு சுத்துது, சைக்கிள் நத்தையா ஊருது. ஆட்டுக்குட்டி கூட முந்திப் போச்சு! உள்ள ஐஸ் உருகுதோன்னு மனசு அடிச்சுக்குது. பொறுக்காம, வேகமாப் போகலாம்னு கனத்த கியருக்கு மாத்தினாங்க. மூச்சு முட்டி, சைக்கிள் சாய்ஞ்சு, பள்ளத்துப் பக்கம் போயிடுச்சு! டக்குன்னு காலை ஊன்றி நின்னாங்க. "அவசரப்படாத வல்லி"ன்னு தனக்கே சொல்லிக்கிட்டு, பழைய கியருக்கே வந்து மறுபடி ஏறினாங்க. கிர்ர்... கிர்ர்...

மேல அம்மாங்கள்லாம் காத்திருந்து பாத்துட்டு, குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிக்கிட்டு இருந்தாங்க. பெட்டியைத் திறந்தா, ஐஸ் இன்னும் கட்டியா இருக்கு! ஊசி போடப் போட ஒவ்வொரு குழந்தையா வீல்னு கத்துச்சு. நர்சம்மா மட்டும் வேர்த்து ஊத்தச் சிரிக்கிறாங்க.

"எறங்கறப்போ?"

எறங்கறப்போ மிதிக்கவே வேணாம்டி. பிரேக்கை விட்டு விட்டுப் புடிச்சு, காத்து மொகத்துல அடிக்க, சின்னப் புள்ள மாதிரி ஹோன்னு கத்திக்கிட்டே வந்தாங்க.

கதையும் எறங்கியாச்சு, கண்ணை மூடு.