செவுத்துல ஏழு கோடு

வாங்கடா, உக்காருங்க. ஒண்ணு கேக்கறேன். வீடு கட்டும்போது கொத்தனாருக்கே பாடம் எடுத்தவன் எத்தன பேரு இங்க? கைய தூக்குங்க. ரெண்டே பேரா? மத்தவன்லாம் பொய்க்காரப் பயலுக. சரி, கீழ போடுங்க, வேர்வ நாத்தம் தாங்கல.

உங்களுக்கெல்லாம் முன்னோடி ஒருத்தர் இருந்தாரு. கரட்டுக்கோட்டை ராஜா கொண்டல்மாறர். தெரியாததுன்னு எதுவுமே கிடையாது அவருக்கு. வாய மூடறதுதான் கொஞ்சம் தெரியாது.

அவரு மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. சம்பந்தி அசந்து போகணும்னு, அரண்மனை வெளிச்செவுத்துக்குப் பொரிப்பூச்சு அடிக்கச் சொன்னாரு. இப்ப மெஷின் வச்சு டெக்ஸ்ச்சர் அடிக்கிறானுகளே, அதோட தாத்தன். சுண்ணாம்பு, மணலு, கடுக்காத் தண்ணி போட்டுக் கூழாக் கரைச்சு, தோல் துருத்தியில ஊத்தி அமுக்குனா புஸ்ஸுன்னு பீச்சும். செவுரு பூரா பொரி ஒட்டுன மாதிரி ஆயிரும்.

அதுல கில்லாடி ஊசிக்காட்டான்ங்கிற கொத்தனார். வேலையில ஒரே ஒரு சூட்சுமம். ஆரம்பிச்சா அந்த மூலையிலேர்ந்து இந்த மூலை வரைக்கும் நிறுத்தப்படாது. நடுவுல நிறுத்துனா அடிச்ச ஓரம் காஞ்சிரும். அப்புறம் அதுமேல அடிச்சா ஒட்டு தெரியும், கோடு மாதிரி.

ஆனா கரட்டுக்கோட்டையில ஒரு மொறை உண்டு. ராஜா ஒரு எடத்துக்கு வரும்போதும் முரசு, போகும்போதும் முரசு. அது அடிச்சு ஓயற வரைக்கும், கையில இருக்கறத கீழ போட்டுட்டு எல்லாரும் குப்புறப் படுக்கணும். கொழந்தைக்குச் சோறு ஊட்டுனாலும் சரி, சவரம் பாதியில நின்னாலும் சரி.

நம்ம ராஜா சும்மா இருப்பாரா? ஏழு வாட்டி வந்தாரு. "பொரி கொஞ்சம் பெருசா இருக்கே"ம்பாரு, போயிருவாரு. ஏழு வாட்டியும் ஊசிக்காட்டான் சாரத்துலேர்ந்து எறங்கிப் படுத்தான். ஏழு கோடு விழுந்துச்சு.

மறுநா காலையில சாஞ்ச வெயில்ல பாத்தா, செவுரு வரிக்குதிரை மாதிரி நிக்குது.

"எவன்டா கோடு போட்டது?"ன்னாரு ராஜா.

ஊசிக்காட்டான் என்ன சொல்லுவான்? உண்மையச் சொன்னா தலை போகும். சொல்லலேன்னா வேலை போகும். "நடுவுல நின்னு போச்சுங்க மகாராஜா"ன்னான்.

"யாரு நிறுத்துனா?"



ராஜாவோட மந்திரி, பிரதானி திருமேனியப்பருக்கு ஏகப்பட்ட குஷி. அவரு மச்சானும் கொத்தனார்தான், ஒழுங்கா ஒரு திட்டுக்கூடக் கட்டுனதில்ல; இவன் போனா வேலை அவனுக்குத்தான். "அரண்மனையக் கேவலப்படுத்துன கை மகாராஜா. கட்டவெரல எடுத்துட்டா மத்தவனுக்குப் புத்தி வரும்"ன்னாரு. கட்டவெரல் இல்லாம துருத்திய எப்படி அமுக்கறது? அன்னியோட அவன் பொழப்பு முடிஞ்சிரும்.

அப்ப பட்டுச் சால்வைய இழுத்து விட்டுக்கிட்டு எந்திரிச்சாரு நஞ்சப்பன். சபையில ஜோக்கடிச்சே சோறு திங்கிற ஆளு.

"வெரலு எதுக்கு மகாராஜா, கையவே எடுங்க"ன்னாரு.

ஊசிக்காட்டான் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டான்.

"ஆனா இன்னொரு வாட்டி அடிக்க விடுங்க. தப்பு எங்கன்னா, நீங்க வந்து வந்து போயிட்டீங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் இந்தப் பய கோடு போட்டுர்றான். இந்த வாட்டி விடியறதுக்கு முன்ன வாங்க, முடிஞ்சப்புறம் போங்க. உங்க கண்ணு முன்னால எப்படிப் போடறான்னு பாப்போம்."

ராஜாவுக்குப் பெருமை தாங்கல. "நான் இருந்தாத்தான் எதுவும் நடக்குது"ன்னாரு.

வெளிய வந்ததும் ஊசிக்காட்டான் அழுதுட்டான். "ஏனுங்கண்ணா, என்னை என்ன பண்றீங்க?"

"டேய், மொறை என்ன சொல்லுது? வரும்போது படு, போகும்போது படு. உக்காந்திருக்கும்போது படுன்னு சொல்லுதா?"

பழைய பூச்சச் சொரண்டிட்டு, நாலாம் நாள் விடியறதுக்கு முன்னயே தயாரா நின்னாங்க. ராஜா வந்தாரு, முரசு அடிச்சுது, எல்லாரும் படுத்து எந்திரிச்சாங்க. சிம்மாசனத்தச் செவுத்துப் பக்கத்துலயே போட்டாச்சு. பக்கத்துல பிரதானி, குத்தம் கண்டுபிடிக்க. துருத்தி புஸ்ஸுன்னுச்சு. காத்து இவங்க பக்கம். ஒரு நாழிகையில பிரதானி தாடியும் செவுரும் ஒரே வேலைப்பாடு.

உச்சி வெயில். ராஜா நெளிஞ்சாரு. "நஞ்சப்பா, ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துர்றேன்."

"தாராளமாப் போங்க மகாராஜா. முரசு அடிக்கும், படுப்போம், கோடு விழும். என்ன, இந்த வாட்டி அது யாரு போட்ட கோடுன்னு ஊருக்கே தெரியும். அவ்வளவுதான்."

எந்திரிச்சவரு அப்படியே உக்காந்துட்டாரு. செவுத்தப் பாத்தாரு. ஊசிக்காட்டானப் பாத்தாரு. வெரல் விட்டு ஏழு எண்ணுனாரு. மொகம் சுருங்கிப் போச்சு. காலையிலேர்ந்து குடிச்ச எளநி வேற. ராஜாவா இருந்தா மட்டும் அடக்க முடியுமா?

"இந்த மொறை இந்த நிமிசத்தோட ரத்து"ன்னு கத்துனாரு. "எவனும் படுக்க வேணாம், முரசு வேணாம், நீ அடிச்சுக்கிட்டே இரு"ன்னு வேட்டியத் தூக்கிப் புடிச்சு ஓடுனாரு பாருங்க, ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்கல. துருத்தி நிக்கவே இல்ல.

மறுநா சாஞ்ச வெயில்ல, மூலைக்கு மூலை ஒரு கோடு இல்ல. ராஜா தடவித் தடவிப் பாத்தாரு. அப்புறம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. ஊசிக்காட்டான் வெரல்ல அவரே தன் மோதிரத்தக் கழட்டிப் போட்டாரு, பிரதானி எடுக்கச் சொன்ன அதே கட்டவெரல்ல.

"அதெல்லாம் இருக்கட்டும். இந்தப் படுக்கிற மொறைய எந்த மடையன்யா கொண்டாந்தது?"ன்னாரு ராஜா.

தாடியில காஞ்ச சுண்ணாம்போட பிரதானி மெதுவாத் திரும்பி நஞ்சப்பனப் பாத்தாரு. ஊசிக்காட்டானும் பாத்தான்.

நஞ்சப்பன் சால்வைய மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு.

"நான்தான் மகாராஜா. போன சித்திரையில இந்தச் சால்வைய வாங்கறதுக்காக, உங்களக் குஷிப்படுத்தச் சொன்ன யோசனை அது."